முகூர்த்தப் புடவை தந்த கை

தாமல் கிராமத்திலிருந்து வந்த கல்யாண வீட்டம்மா கடைக்குள் கால் வைத்ததுமே கேட்டாள்.

"காவேரி எங்கப்பா? எங்க பெரிய பொண்ணுக்கு அதான் எடுத்துக் குடுத்துச்சு. ரெட்டைப் புள்ளைங்க பெத்து ஜம்முனு இருக்குது!"

"அது லீவுமா," என்றார் முதலாளி ராமராஜன்.

காவேரி பத்தடி தள்ளித்தான் இருந்தாள். திரைக்குப் பின்னால், ஃபேனுக்குக் கீழே, புது நாற்காலியில்.

பதினோரு வருஷமாக இந்தப் பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவை என்றால் காவேரியின் கைதான். புடவையை யார் எடுத்துப் போட்டாலும் சரி, கடைசியில் முந்தானை ஓரத்தில் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து, பெண்ணின் கையில் கொடுப்பவள் அவள். கைராசிக்காரி என்று அவளைத் தேடி வருவார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

போன மாதம் டாக்டர் கொடுத்த கடிதத்தை அவளேதான் முதலாளியிடம் நீட்டினாள். மனநல சிகிச்சையில் இருக்கிறார், மாத்திரையால் காலையில் அசதி இருக்கும், ஒரு மணி நேரம் தாமதமாக வர விடுங்கள், நடுவில் கொஞ்சம் உட்காரவும் இடம் கொடுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்தது. பத்தரைக்கு வந்தால் போதும். நாற்காலி, ஃபேன், மதியம் சூடாக ஒரு டம்ளர் பால். அடேயப்பா, என்ன தாராள மனசு! கூடவே ஒரு திரையும் மாட்டிவிட்டார். அதற்குப் பின்னால் உட்கார்ந்து விலைச்சீட்டு கட்டுவதுதான் இனி அவள் வேலை.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். இப்போது அவள் இடத்தில் நிற்கும் பொன்னி தாம்பாளத்தை நீட்டினாள். மஞ்சள் தடவ மறந்துவிட்டாள்.

"மஞ்சள், மஞ்சள்" என்று காவேரியின் உதடு தவித்தது. யாருக்குக் கேட்கும்?

கல்யாண வீடு கிளம்பியதும் ராமராஜன் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமில்லை, பயம். அவர் மகள் அபிநயாவுக்குப் போன தையில் பிறந்த தலைப்பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. அன்றிலிருந்து அந்த மனுஷனுக்கு எதைக் கண்டாலும் பயம்.

"உண்மையச் சொல்லும்மா. இது எத்தினி நாளா இருக்குது?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். பதிலைச் சொன்னால் தாம்பாளம் திரும்பக் கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தாள். வாயைத் திறந்தவள், அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இப்பதாங்க. ரெண்டு மாசம்."

அப்பாடா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் போனார்.

இடுப்புச் சுருக்குப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. எட்டு வருஷமாக மாத்திரை எழுதி வாங்கும் சீட்டு. போன மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். ரெட்டைப் பிள்ளைக்காரிக்குப் புடவை கொடுத்ததும் தினம் மாத்திரை பிரித்த இந்தக் கைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அபிநயாவுக்கு முகூர்த்தப் புடவை கொடுத்ததும் இதே கைதான்.

காவேரி விலைச்சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.