வயிற்றுக்குக் கிடைத்த ஸ்டூல்

"எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார் ஜன்னல் திரை வாங்க வந்த ஒரு பெரியம்மா.

"ஆறு முடியப் போகுதும்மா" என்றாள் அவள், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே துணியை விரித்துக் காட்டிக்கொண்டு. "நல்லபடியா பெத்தெடு தாயி" என்று பெரியம்மா மனதார வாழ்த்திவிட்டுப் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்தாள்.

வயிற்றில் பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் வருடக்கணக்கில் சேர்ந்த தொப்பை. அந்தத் துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் யாரும் உட்காரக் கூடாது, ஷட்டர் ஏறினால் இறங்கும்வரை நிற்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அவள் காலடியில் உருண்ட துணிச்சுருளை எடுக்கக் குனிந்த சூப்பர்வைசர் அக்கா, அன்று கொஞ்சம் தாமதமாகத்தான் நிமிர்ந்தாள். அக்கா யாரிடமும் சிரித்துக்கூடப் பேசாத கறார் பேர்வழி. நேராக மேனேஜரிடம் போய், "திரை விக்கிறவ முழுகாம இருக்கா சார், ஸ்டூல் போடணும்" என்றாள். கையோடு தூக்கிவந்து போட்டும் விட்டாள்.

அவள் மறுக்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கால்கள் உட்கார்ந்துவிட்டன. கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டிருந்த நரம்புகளின் கடுப்பு அன்றுதான் கொஞ்சம் அடங்கியது. அதன்பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எனக்கே தெரியாம எனக்கொரு பிள்ளையா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். அவள் சிரித்து வைத்தாள், உள்ளுக்குள் அவமானமாக இருந்தது.

இருந்த நிம்மதியிலும் மண்ணைப் போட்டவர் டாக்டர். "நரம்பு சுருட்டல் நிறைய பேருக்கு இருக்கும்மா. உங்களுக்கு இவ்வளவு வலி, வீக்கம் வர்றதுல தொப்பைக்கும் பங்கு இருக்கு. அது அழுத்துறதால கால் ரத்தம் மேல ஏற சிரமப்படுது. வயித்தைக் குறைக்கலேன்னா நாளைக்குப் புண்ணு வந்துடும்."

குறைத்தால் வேலை போய்விடும் என்று அவரிடம் சொல்லவா முடியும்? புண் என்ற சொல்லுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தாள், விடியலில் நடந்தாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. கூடவே பாழாய்ப்போன வயிறும் வற்றத் தொடங்கியது.

"என்னடி இது, ஊருக்கெல்லாம் மாசம் ஏற ஏற வயிறு ஏறும், உனக்கு இறங்குது?" என்றாள் போர்வை விற்பவள். அது மேனேஜர் காதில் விழுந்தது. ஸ்டூலில் இருந்தவளை ஒரு முறை முறைத்துவிட்டு, சூப்பர்வைசரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள். பொய்க்காரி என்று துரத்தினால் வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? வெளியே வந்த அக்கா, கண்ணாலேயே அவளைச் சரக்கு அறைக்கு வரச் சொன்னாள்.

கதவு சாத்தியதும் அவள் உடைந்துபோனாள். "மன்னிச்சிடுங்கக்கா. என் தொப்பையைப் பார்த்து நீங்க தப்பா நினைச்சுட்டீங்க. கால் வலி தாங்காம நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அக்கா. "தாய்க்குச் சத்து பத்தலை, இனிமே அவளை எழுந்திரிக்கவே விடக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அக்கா, பிள்ளையே இல்லேங்கிறேன்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"உன் காலைப் பார்த்துட்டுத்தான்டி நான் அந்தப் பொய்யையே சொன்னேன்."