அணைத்து வைத்த கம்ப்யூட்டர்

"மிஷின்ல ஒரு குறையும் இல்லைன்னு மட்டும் பார்த்துச் சொல்லிருங்கம்மா. இன்னையோட வேல்விழியை வேலையை விட்டு அனுப்பிடுறேன்."

தேனியிலிருந்து வந்திருந்த நெட்வொர்க் இன்ஜினியர் சுபாஸ்ரீயிடம் வைகுண்டராஜ் இப்படித்தான் ஆரம்பித்தார். பெரியகுளத்தில், ஒரு உரக்கடை மாடியில் அவருடைய டேட்டா என்ட்ரி சென்டர்.

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு சார்?"

"ஒண்ணும் செய்யலை. அதுதான் பிரச்சினை. காலையில கொஞ்ச நேரம் டைப் அடிக்கும். அப்புறம் கம்ப்யூட்டரை அணைச்சுப்புட்டு பேப்பரை அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். கேட்டா லைன் அறுந்து போகுதுங்குது. பக்கத்து சீட்டு சாராளுக்கு அறுந்து போகலையே. இவளுக்கு மட்டும் எப்படி அறுந்து போகும்?"

வேல்விழி ஜன்னலோரம் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சுபாஸ்ரீ அவளுடைய சீட்டில் உட்கார்ந்தாள். சாராள் இன்னும் வரவில்லை; பக்கத்து கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

சென்னைக் கம்பெனி கொடுத்த மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்காக வேல்விழி, சாராள் இருவருடைய சீட்டிலும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும்படி வைத்திருந்தார்கள். விர்ச்சுவல் மிஷின். அது தனி ஆளாக நெட்வொர்க்கில் சேரும்படி 'பிரிட்ஜ்' போட்டிருந்தார்கள்.

சுபாஸ்ரீ பிங் கொடுத்தாள். 'இருக்கியா, இருக்கியா' என்று விடாமல் கேட்கும் கட்டளை. விடாமல் பதில் வந்தது. கேபிளை அசைத்துப் பார்த்தாள். கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டியில் வேறு துளையில் செருகிப் பார்த்தாள். லைன் அறுந்து போகவே இல்லை.

"பார்த்தீங்களா?" என்றார் வைகுண்டராஜ். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "நாளையில இருந்து நீ வர வேணாம்மா."

"சரிங்க சார்."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேல்விழி படியிறங்கிப் போய்விட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்தவள் எப்படிப் பேசுவாள் என்று வைகுண்டராஜ் நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சாராள் வந்தாள். மாந்தோப்பில் காய் பறிக்கும்போது விழுந்து கால் உடைந்து கிடக்கும் புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இந்த வேலைதான் இப்போது அவர்கள் வீட்டை ஓட்டுகிறது. உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள்.

சுபாஸ்ரீயின் திரையில் பதில் வருவது நின்றது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது. அதே நேரம் சாராள் சொன்னாள், "மேடம், எனக்கு அறுந்திருச்சு."

சுபாஸ்ரீ எழுந்து போய் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இந்த விர்ச்சுவல் மிஷினையெல்லாம் போட்டது யாரு?"

"நான்தான். இப்ப சாராள் இருக்கிற சீட்டுல முதல்ல போட்டேன். நல்லா ஓடுச்சு. அதையே அப்படியே காப்பி எடுத்து வேல்விழி சீட்டுல போட்டுட்டேன்."

"காப்பி எடுக்கையில அதோட மேக் அட்ரஸும், அதான் நெட்வொர்க்குல அதோட அடையாள எண், சேர்ந்து வந்திருச்சு சார். ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருக்கிற மாதிரி. தபால் ஒரு தடவை இங்கன வரும், ஒரு தடவை அங்கன போகும். ஒண்ணை அணைச்சாத்தான் இன்னொண்ணு ஒழுங்கா ஓடும்."

ஒன்றை நிறுத்தி, அதற்குப் புது எண் கொடுத்து, மறுபடி ஓட விட்டாள். இரண்டு திரையிலும் பதில் நிற்காமல் வந்தது.

சாராள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் வந்த புதுசுல எனக்கும் அறுந்துக்கிட்டேதான் இருந்துச்சு சார். ஒரு நாள் வேல்விழி அக்கா, 'எனக்குக் கண்ணு வலிக்குது, நான் அணைச்சுக்கிறேன், நீ அடி'ன்னுச்சு. அதுக்கப்புறம் நான் வந்து உக்காந்தாலே அக்காவுக்குக் கண்ணு வலி வந்துரும். நெசமான வலின்னுதான் நினைச்சேன்."

வைகுண்டராஜ் வண்டிச் சாவியைத் தேடினார்.

பஸ் ஸ்டாண்டில், மாங்காய்க் கூடைகளுக்குப் பக்கத்தில், வடுகபட்டி பஸ்ஸுக்காக வேல்விழி நின்றிருந்தாள்.

"ஏம்மா, ரெண்டும் சேர்ந்து ஓடாதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா ரெண்டுல ஒரு சீட்டை மூடிருவீகன்னு பயந்தேன் சார். மூடினா புதுசா வந்த சாராளைத்தான் போகச் சொல்வீக. அது வீட்டு நெலமை உங்களுக்குத் தெரியும்ல."

வைகுண்டராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. வா, வண்டியில ஏறு. உன்னைய மாதிரி ஒரு ஆளு கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

வேல்விழி ஏறவில்லை.

"எனக்குன்னு இதுல ஒரு பெருமையும் இல்லை சார். நான் சேர்ந்த புதுசுல எனக்கும் இப்படித்தான் அறுந்துச்சு. அப்ப சாராள் சீட்டுல பஞ்சம்மா அக்கா இருந்துச்சு. ரெண்டு நாள் பார்த்துச்சு. மூணாம் நாள்ல இருந்து தெனமும் தலைவலின்னு சொல்லி அணைச்சு வச்சிட்டு, பேப்பரை அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். சாராள் வந்து எனக்கு மறுபடி அறுந்தப்பத்தான் அந்தத் தலைவலி என்னன்னு வெளங்குச்சு. நன்றி சொல்லலாம்னா அந்த அக்கா அங்கன இல்லை. அதான் சாராளுக்குச் செஞ்சேன்."

வடுகபட்டி பஸ் வந்து நின்றது. கூடைகளை ஏற்றினார்கள். வேல்விழி ஏறாமலே பஸ் கிளம்பிப் போனது.

அப்போது சோம்பேறி என்று சொல்லி, தன் வாயாலேயே பஞ்சம்மாவை வேலையை விட்டு அனுப்பிய வைகுண்டராஜ் வண்டியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தார்.

பிறகு கேட்டார். "பஞ்சம்மா வீடு எங்கன இருக்கு? ஏறி உக்காரு, வழி காட்டு."