ஸஹனில் நாலில் ஒரு பங்கு

ஸஹன் தட்டு பாயில் இறங்கியதும் நான் பிஸ்மி சொன்னேன். அடுத்த வேலையாக போனை எடுத்தேன்.

போனிலுள்ள கலோரிச் செயலி வெளிநாட்டுப் பிறவி. எத்தனை கோப்பை சாப்பிட்டாய் என்று கேட்கும். நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை வைக்கும் ஊர்களும் உலகத்தில் உண்டென்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பரவாயில்லை, நான் மாம்புரி ஸ்கூலில் கணக்கு டீச்சர்.

அடியில் நெய்ச்சோறு, மேலே மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய். மொத்தம் மூவாயிரத்து இருநூறு கலோரி. உம்மா, தம்பி றிஸ்மின், அவன் மனைவி ஃபஹ்மியா, நான். நாலால் பிரித்தால் எண்ணூறு. இனிப்புக்கு வட்டிலப்பம் ஒரு துண்டு, இருநூற்று இருபது. நாளொன்றுக்கு எனக்கு அனுமதி ஆயிரத்து நானூறு. இராத்திரிக்குப் பாணும் பருப்பும் தின்னக்கூட இடமிருக்கிறது.

கொழும்பு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விளக்கம் தந்த மிஸ், எதையும் விடத் தேவையில்லை, எண்ணிச் சாப்பிட்டால் போதும் என்றார். வட்டிலப்பமுமா என்று இரண்டு தரம் கேட்டேன். வட்டிலப்பமும்தான் என்றார். என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னிடம் இவ்வளவு இனிமையாகப் பேசவில்லை.

நாற்பத்து நாலு வயதில் நான் அழகுக்காக மெலிகிறேன் என்று எங்கள் ஊர் கனமூலையில் பேச்சு. மெலிந்தால்தானே பேச வேண்டும், அதற்குள் என்ன அவசரமோ.

விஷயம் இவ்வளவுதான். என்னிடம் இரண்டு சிறுநீரகம் இருக்கிறது. றிஸ்மினிடம் வேலை செய்கிற ஒன்றும் இல்லை. உப்பளத்தில் பதினாறு வருடம் உழைத்தவனுக்கு டாக்டர் முதலில் தடை செய்தது உப்பை. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் கழுவப் புத்தளத்துக்குப் போகிறான். உம்மாவுக்குச் சீனி வருத்தம். ஃபஹ்மியாவின் இரத்தம் பொருந்தவில்லை. மிஞ்சியது நான், எழுபத்தாறு கிலோ.

எழுபதுக்குக் கீழே இறங்கினால்தான் என்மேல் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதத்தைத் தாண்டினால் றிஸ்மினின் இதயம் ஆபரேஷனைத் தாங்காது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக எண்ணுகிறேன். ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட விடாமல் எழுதுகிறேன். காலையில் பார்மசித் தராசில் ஏறினேன். எழுபத்தாறு.

தராசில்தான் பிழை என்று பார்மசிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். கணக்கு டீச்சருக்குப் பிழைக்குமா?

தனித்தட்டில் வைத்தால் றிஸ்மின் சாப்பிட மாட்டான் என்று உம்மா இப்போதெல்லாம் தினமும் பகலில் ஸஹன்தான் வைக்கிறார். அவனுக்காக எல்லாவற்றிலும் உப்பு குறைவு. ஸ்கூல் விட்டு நேரே இங்கேதான் வருவேன். அவன் எனக்கு எதிரே உட்காருவான். தனக்கு இறைச்சி கூடாது என்று சொல்லி ஒவ்வொரு துண்டாக என் பக்கம் தள்ளுவான். ஸஹனில் ஒருவர் நம் பக்கம் தள்ளியதைத் திருப்பித் தள்ளுவது மரியாதை இல்லை. அதனால் சாப்பிட்டுவிடுவேன். ஆனால் எழுத மாட்டேன். தம்பியின் பங்கைச் சாப்பிட்டால் அது தம்பியின் கலோரிதானே!

வட்டிலப்பம் வாங்கி வருவதும் அவன்தான். வெட்டித் தருவதும் அவன்தான். ஒரு துண்டு என்றுதான் எழுதுவேன். துண்டு எவ்வளவு பெரிது என்று செயலியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்றும் போனில் எண்ணூறு என்று போட்டுவிட்டு நிமிர்ந்தேன். என் பக்கத்தில் இறைச்சி குவிந்திருந்தது.

"ராத்தா, இண்டைக்கு நிறுத்தீங்களா? எவ்வளவு?" என்று தம்பி கேட்டான்.

"எழுபத்தாறு. ஒரு கிராமும் குறயல்ல."

றிஸ்மின் தலையைக் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசைய, அல்ஹம்துலில்லாஹ் என்றான்.

எங்கள் வீட்டில் அது எதற்கும் வரும். தும்மினால் வரும், போன கரண்ட் திரும்பி வந்தால் வரும், சாப்பிட்டு முடித்தால் கட்டாயம் வரும். அவன் இன்னும் ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை.

கிலோ குறையவில்லை என்று நான் சொன்னதற்குத்தான் அவன் இறைவனைப் புகழ்ந்தான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை பிற்போடப்பட்டது என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம். அவன் விரல் அப்போதும் ஒரு கொழுப்புத் துண்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது.

மூன்று மாதம். தொண்ணூறு பகல். என்னைக் கத்திக்குக் கொடுக்காமல் இருக்க இவன் துண்டு துண்டாக வேலை பார்த்திருக்கிறான். நானும் நன்றாகத் தின்று கொடுத்திருக்கிறேன், பெரிய கணக்கு டீச்சர்.

முதலில் கோபம்தான் வந்தது. அடித்துவிடலாம் போல இருந்தது. பிறகு உம்மாவைப் பார்த்தேன். உம்மாவுக்கு எதுவும் விளங்கக் கூடாது என்று ஒரு பிடி சோற்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். ஸஹனின் விளிம்பைப் பிடித்து, இறைச்சி அவன் பக்கம் போகட்டும் என்று மெல்லத் திருப்பத் தொடங்கினேன்.

பாதியில் நின்றுவிட்டது. றிஸ்மின் தன் பக்க விளிம்பைப் பிடித்திருந்தான்.

நான் இழுத்தேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்த இடது கையில் இவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.