சிங்க் இடம் மாறிய வீடு

"குழாய் வேலைக்கு ஒரு பைப் பாஸைப் பிடியுங்கோவன்" என்று மனைவி திலகவதி நச்சரித்தும் பேரின்பநாயகம் கேட்கவில்லை. வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் ஜன்னலடியில் இருந்த சிங்க்கைத் தன் கையாலேயே கழற்றி, எதிர்ச்சுவரில் பூட்டினார். பழைய இடத்துக் குழாயை அடைத்துச் சீமெந்தும் பூசினார். பிறகு பைப்பைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, சிங்க்கின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இரவு வழக்கம்போல் திலகவதி மகன் ரமணனின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தாள். இராணுவச் சுற்றிவளைப்பில் அவனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அப்படித்தான். விடியும்போது கோப்பை கழுவி, சிங்க் ஓரத்தில் கவிழ்த்திருக்கும். யார் கழுவியதென்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் காலையில், சாப்பிட்டு முடித்த எச்சில் கோப்பை ஜன்னலடியில், வெறுஞ்சுவரோரம், தரையில் இருந்தது.

"சிங்க்கை மாத்தினது அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று திலகவதி சினந்தாள். "பாவம் பிள்ளை, தேடியிருப்பான்."

அன்றிரவு பேரின்பநாயகம் புதுச் சிங்க்குக்கு மேலே பல்பை எரியவிட்டுவிட்டுப் படுத்தார்.

விடிந்தபோது கோப்பை சிங்க் ஓரத்தில் ஈரத்தோடு கவிழ்ந்திருந்தது. அவர் குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தீரே, ஒரு சொட்டு ஒழுகேல்லை" என்றார். "அப்பாவுக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாதெண்டு சிரிச்சவனல்லோ. இப்ப பாத்திருப்பான்."