ஒன்பதாவது முத்திரை

எல்லைச் சாவடி அதிகாரி தள்ளிவிட்ட பாஸ்போர்ட்டைப் பெரியவர் மறுபடியும் கண்ணாடிக்கு அடியில் திணித்தார்.

“முத்திரையைக் குத்துங்க சார், பஸ் கிளம்பப் போகுது. நாலு மணிக்குப் பேரனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்.”

“விசா இல்லாம தொண்ணூறு நாள்தான் தங்கலாம். நீங்க ஒவ்வொரு தடவையும் கடைசி நாள்ல எல்லையைத் தாண்டிட்டு மறுநாளே திரும்பி வர்றீங்க. இது ஒன்பதாவது தடவை. சுற்றுலாவா, குடித்தனமா?”

“என்னைக் கேட்டா? வீட்டுப் பெரியவங்களுக்கான நீண்ட நாள் விசாவுக்கு என் பையன் மனு போட்டு ரெண்டு வருஷமாச்சு. உங்க ஆபீஸ்லதான் கிணத்துல போட்ட கல்லா கிடக்குது! இந்த முட்டிவலியோட மூணு மாசத்துக்கு ஒரு தரம் பஸ்ல குலுங்குறேனே, உங்களுக்கெல்லாம் அப்பா இல்லையா?”

சுருக்கென்றது அதிகாரிக்கு. மகனின் பெயரைக் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

“மனு இருக்கு. விசாவும் போன வாரமே கொடுத்தாச்சு.”

“அப்புறம் என்னய்யா விசாரணை? குத்துங்க!”

அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் இந்த விசா, ஐயா. உங்க பையன் மனு போட்டது அவரோட மாமனாருக்கு.”