தயாளினி எரித்த ஊர்கள்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் தயாளினி மூன்று ஊர்களைக் கொளுத்திவிட்டாள். நாலாவது ஊருக்கு நெருப்பு வைக்கும்போதுதான் தம்பி சுகிர்தன் உள்ளே வந்தான். கணினித் திரையில் எழுந்த தீ அக்காவின் முகத்தில் சிவப்பாக ஆடியது.

தண்ணீரூற்று என்ற ஊரில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கிய பத்திதான் சுகிர்தனின் தொழிற்கூடம். பழைய தகரக் கூரை. அதில் பல தடவை கழற்றி அடித்த ஆணி ஓட்டைகளுக்குக் குறைவில்லை. அந்த வெக்கைக்குள் இருந்துதான் இரண்டு வருடமாக இந்தக் கேமை உருவாக்கினான்.

கதை இதுதான். பூதராசனின் படை எல்லை தாண்டி வரும். வழியில் உள்ள ஊர்களைத் தின்று தின்று பலம் கூட்டும். விளையாடுகிறவர் அதை மறித்து அழிக்க வேண்டும். நாளைக்குக் கொழும்பில் ஒரு கொம்பனிக்கு இதைக் காட்டப்போகிறான். அதற்கு முன் கூட்டாளிகளிடம் விளையாடக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருந்தான். அதுதான் அவன் செய்த பிழை.

"மச்சான், வெட்டுக்கொத்தெல்லாம் அந்தமாதிரி. தலை உருளேக்க மேசையில இரத்தம் தெறிச்ச மாதிரி இருக்கு," என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான் கிருபன். "ஆனா அந்தச் சண்டைக்குப் போய்ச் சேர முதல் நான் நித்திரையாப் போனன்."

நிருஷன் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. "அந்த மாட்டு வண்டிலைத் தூக்கி எறியடா! ஆள், நெல்லு, மரம் எண்டு எதையும் ஏத்தலாமாம். ஏத்தி என்ன, அது அசைஞ்சால்தானே? நான் ஒருக்காலும் தொடேல்லை. பூதம் ஊரைத் திண்டாத் திங்கட்டும், எனக்கு வாள்தான் வேணும்."

மிச்சமிருந்தது அக்காவின் கருத்து. அவள் கோழி உரிக்கிற நாளில் கிணற்றடிக்குப் போய் நிற்கிறவள். வளவுக்குள் வந்த பாம்பைக்கூட அடிக்க விடாதவள். தாய் தகப்பன் போரில் செல்லடிபட்டுச் செத்தபோது, இடுப்பில் இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து ஆளாக்கியவள். சுகிர்தனுக்கு அந்த நாட்களில் ஒன்றுகூட நினைவில்லை.

அப்படிப்பட்டவள்தான் இப்போது பந்தம் பிடித்த வீரர்களைத் தெருத்தெருவாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தன் திரையைக் குனிந்து பார்த்தான். எரிகிற வீடுகளில் வெறும் சுவர்கள்தான் நின்றன, கூரைகளைக் காணவில்லை. படம் சரியாக ஏறவில்லைப் போல, இன்னொரு கோளாறு என்று நினைத்துக்கொண்டான். அது பெரிய காரியமில்லை, இரவைக்குத் திருத்தலாம். அக்கா அடுத்த தெருவுக்கும் பந்தத்தை அனுப்பினாள்.

"அக்கா, என்ன செய்யிறியள்? அது உங்கட ஊரெல்லோ!"

"விட்டா அவங்கள் வந்து திண்டு கொழுப்பாங்கள். பட்டினியா வரட்டும்."

பூதப்படை வந்தது. தின்ன ஒரு நெல்மணி இல்லாமல் சாம்பலைக் கிளறியது. பசி பொறுக்காமல் ஒன்றின் கழுத்தை ஒன்று கடித்துக் கிழித்தது. தயாளினி பதறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படை பள்ளத்தில் இறங்கியதும் குளத்துக்கட்டை உடைத்துவிட்டாள். வெள்ளம் பூதங்களைச் சுருட்டி அடித்தது. மூச்சு முட்டிக் கரையேறியவற்றை அவளுடைய ஈட்டிக்காரர் குத்திக் குத்தித் தள்ளினார்கள். தண்ணீர் கறுத்துச் சிவந்தது.

"ஒண்டையும் விடாதையுங்கோ," என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். கடைசியில் பூதராசனின் தலை சேற்றில் உருண்டது. ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒரு பாம்புக்கு இரங்கியவளைத் தன் கேம் ஊர் கொளுத்தியாக்கிவிட்டது என்ற எண்ணமே சுகிர்தனைக் கொன்றது. எட்டிச் சுட்டியைப் பறித்தான்.

"காணும் அக்கா. இதை நான் கொழும்புக்குக் கொண்டு போகமாட்டன். இப்பவே எல்லாத்தையும் அழிக்கிறன்."

"உனக்கென்ன விசரே? ரெண்டு வருசத்து உழைப்படா! நல்லாத்தானே செய்திருக்கிறாய். ஒரேயொரு குறை, அந்த வண்டில்தான் சரியான மெதுவு. எனக்கு உயிர் போய் வந்தது."

"கொள்ளையடிக்க வண்டில் வேற வேணுமோ உங்களுக்கு?" அவன் கத்தினான். "நாலு ஊர்ச் சனத்தை உயிரோட கொளுத்திப்போட்டு, வண்டில் மெதுவெண்டு குறை சொல்லுறியள்! அதுகும் நீங்கள்!"

அழிக்கவா என்று திரை கேட்டது. சுகிர்தனின் விரல் சுட்டியின் மேல் நின்றது.

தயாளினி அந்த விரலை மெல்ல விலக்கினாள். தலைக்கு மேலே இருந்த ஓட்டைத் தகரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரையில் கருகி நின்ற மொட்டைச் சுவர்களைத் தொட்டுக் காட்டினாள்.

"செத்த சனம் கூரையைக் கழட்டி வண்டில்ல ஏத்திக்கொண்டு போகுமோடா?"