சந்தில் நட்ட குச்சி

கிளுவைச் செடிகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலியின் உட்பக்கம் ஒரு செம்மறி ஆடு வந்து நின்றது.

"என் குட்டியை நேத்து வியாபாரி பிடிச்சிட்டுப் போயிட்டான். அடுத்த கோயில் நோம்பிக்கு வெட்டறது என்னைத்தான். நான் வெளியே போக நீ கொஞ்சம் வழி விடக்கூடாதா?" என்று கிளுவையிடம் கேட்டது.

கிளுவைக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் இழுக்காமல் தன் ஒரு பக்கத்தையே காயவிட்டது. வேலியில் சந்து விழுந்தது.

ஆடு தலையை நுழைப்பதற்குள் அந்த மேய்ச்சல் காட்டுக்காரர் நாச்சிமுத்து பார்த்துவிட்டார். அதே கிளுவையில் ஒரு குச்சியை வெட்டிச் சந்தில் நட்டார். அது தழையும்வரை இருக்கட்டும் என்று முள்ளை அடைத்தார்.

"முள்ளு காத்துல போயிடும். நீ மட்டும் வேர் விட்டுடாதே" என்று ஆடு குச்சியிடம் கெஞ்சியது.

"விடமாட்டேன்" என்றது குச்சி.

மழை பெய்தது. எட்டாம் நாள் குச்சியில் தளிர் வந்திருந்தது.

"நான் வேணும்னு செய்யலே" என்றது குச்சி.

ஆடு அந்தத் தளிரைக் கடித்துத் தின்றது.

கடித்த இடத்தில் இரண்டு தளிர்கள் வந்தன.